சித்தப்பா கேட்டபடி திருப்பிக் கொடுத்தது

சண்முகராசா சித்தப்பா அந்த லாப்டொப்பை மிட்சம் என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனபோது சொன்னது இதுதான். "உள்ளுக்கிருந்ததெல்லாம் அழிஞ்சு போச்சு. விண்டோஸ் சிடி வாங்கினால், இதிலை சிடி போட இடமே இல்லை. குப்பை. வேணுமெண்டா நீ வைச்சிரு."

பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவளுக்குக் குப்பை போதும் என்று நினைத்திருப்பார். நான் வீட்டிலிருந்தே படித்துக் கணிதப் பரீட்சை எழுதப் பதிந்திருந்தேன். பாடங்களெல்லாம் இணையத்தில். அம்மாவின் போனில் பின்னங்கள் எறும்பு ஊர்வது போலத் தெரியும்.

சிடி வேண்டாம், பென் டிரைவ் போதும் என்று எங்கோ வாசித்தேன். பக்கத்து வீட்டு ஹம்சா அக்காவின் கணினியில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் உபுண்டுவை இறக்கினேன். அது இலவசம். முதல் தடவை பாட்டை நகலெடுப்பது போல பென் டிரைவில் போட்டுவிட்டேன். லாப்டொப் அதைச் சட்டை செய்யவே இல்லை. அதற்கென்று இருக்கும் மென்பொருளால் எழுதினால்தான் எடுக்குமாம். மறுபடி எழுதிச் செருகினேன். திரை ஒளிர்ந்தது; உபுண்டு லாப்டொப்புக்குள் ஏறியது. அன்றே முதல் பாடத்தை முடித்தேன்.

அம்மா பெருமையில் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். அதுதான் வினையாகியது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து நின்றார்.

"வேலை செய்யுதாமே. எங்கட தக்ஷிகா ஏ லெவல் படிக்கிறாள், அவளுக்குத் தேவை. நீ வீட்டிலை சும்மாதானே இருக்கிறாய்."

சும்மாவாம். தக்ஷிகாவிடம் ஐபேட் இருக்கிறது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்.

"குடு மிது. அவரின்ர சாமான்தானே."

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. "கொஞ்சம் இருங்கோ சித்தப்பா" என்றுவிட்டு அறைக்குள் போனேன். பென் டிரைவைச் செருகி, உள்ளே இருந்த அனைத்தையும் அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று அது இரண்டு தரம் கேட்டது. சித்தப்பா என்னிடம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

கொண்டுவந்து நீட்டினேன். சித்தப்பா திறந்து பார்த்தார். கறுப்புத் திரை.

"என்ன பிள்ளை இது?"

"நீங்கள் தந்தது."

"பகிடி விடாதை. போட்டுத் தா."

"ஏலாது."

அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாகக் கொளுவாமல் போனார்.

"போட்டுக் குடுத்தால் என்ன குறைஞ்சா போவாய்?" என்றார் அம்மா. "சரியான நெஞ்சழுத்தம்."

"கணக்குச் சோதினை எனக்கும்தானே இருக்கு, அம்மா."