ஒத்தையன் நிற்காது

ஒத்தையனில் ஏறினால் இறங்க முடியாது. அதை யாரும் ஒரு குறையாகச் சொல்வதில்லை. காருக்குப் பதிலாக ஊரில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார்கள். ஊரோடு ஒத்துப் போ என்பார்கள். நானும் ஏறிவிட்டேன்.

ஒரு சக்கரம், நிற்க ஒரு தட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். ரோட்டிலிருந்தே கரண்ட்டை உறிஞ்சிக்கொள்ளும். சத்தம் கிரைண்டரில் உளுந்து அரைபடுகிற சத்தம். நான் கோயமுத்தூரில் கிரைண்டர் விற்கிறவன், எனக்குத் தெரியும். உளுந்தே போடாமல் அந்தச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

புது வண்டி என்றால் பூஜை போட வேண்டுமே. பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். குருக்கள் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை வைத்தார். ஒத்தையன் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் சுற்றிக்கொண்டு போனது. குறுக்கே எது கிடந்தாலும் விலகிப் போவதுதான் அதன் சிறப்பாம். குருக்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கடைசியில் பழத்தை என் கையில் திணித்து, நசுங்கின பிறகு சொல்லி அனுப்புங்கள், அதுவரைக்கும் நீங்கள் கிளம்பியதாகவே கணக்கில்லை என்றார். பழம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

நன்மைகள் இல்லாமல் இல்லை. பெட்ரோல் வேண்டாம். நிறுத்த இடம் தேட வேண்டாம், நிற்காத வண்டிக்கு எதற்கு இடம்? தூக்கம் வந்தால் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொள்ளலாம். கடையைச் சுற்றிக்கொண்டே வியாபாரம் பார்க்கிறேன். வாங்க வருகிறவர்களும் சுற்றுகிறார்கள். பேரம் பேச இரண்டு பேரும் ஒரே பக்கம் சுற்றினால் போதும்.

அடுத்த வீட்டு ஆறுச்சாமிதான் பிடிவாதம் பிடித்தார். வேட்டி அவிழ்கிறது, நின்றுதான் கட்டுவேன் என்றார். நின்றார். இப்போது எங்கள் தெருமுனையில் சிக்னல் கம்பமாக இருக்கிறார். நிற்கிறவர்கள் அப்படி ஆகிவிடுவது வழக்கம். என்னைப் பார்த்தால் பச்சை காட்டுவார். எப்போதும் பச்சைதான். தினமும் காலையில் அவர் சம்சாரம் அந்த வழியாக ஓட்டிக்கொண்டு போகும்போது கம்பத்தில் விபூதி இழுத்துவிட்டுப் போகிறாள்.

என் கார் இன்னும் போர்ட்டிகோவில் இருந்தது. முழுதாக இல்லை. ஒத்தையன் எதற்கெல்லாம் ஈடாகிறதோ அதெல்லாம் காரிலிருந்து காணாமல் போகும், அதுதான் ஏற்பாடு. முதலில் என்ஜின் போனது. பிறகு சக்கரங்கள், டிக்கி, பின் சீட்டு. என் சீட்டும் ஸ்டீயரிங்கும் ஒன்றாகப் போயின. முன்பக்க இடது சீட்டு மட்டும் போகவில்லை. அதற்குக் கீழே ஒரு கால்மிதி. அதில் ஒரு ஓட்டை.

அது வசந்தாமணியின் சீட்டு. வசந்தாமணி என் சம்சாரம். அந்த ஓட்டையும் அவள் போட்டதுதான். நான் கார் ஓட்டும்போதெல்லாம் அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து வலது காலால் தரையை மிதிப்பாள். லாரி வந்தால் மிதிப்பாள், நாய் வந்தால் மிதிப்பாள், வளைவு வரப்போகிறது என்று தோன்றினாலே மிதிப்பாள். அங்கே பிரேக்கே இல்லை. இருபது வருஷமாகச் சொல்கிறேன், கேட்டால்தானே.

போன மாதம் பொள்ளாச்சிக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது பின் சீட்டில் அவள் அண்ணன் இருந்தார். உங்கள் தங்கச்சி இத்தனை வருஷம் மிதித்ததில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம், ஒரு நாளாவது வண்டி நின்றிருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். தமாஷாகத்தான் கேட்டேன். அவரும் சிரித்தார். உக்கடத்தில் வசந்தாமணி கதவைத் திறந்து இறங்கி, சிங்காநல்லூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நான் சொன்னா நிக்கற வண்டியில வாங்க. வர்றேன்."

அதற்குள் ஒத்தையன் வந்துவிட்டது.

காருக்கு ஒத்தையன் ஈடாகிவிட்டதா என்று கணக்கெடுக்கிற ஈடு அதிகாரி ஞானசேகர் தினமும் என் கூடவே தன் ஒத்தையனில் வருவார். எப்போதும் அதே இடைவெளியில் வருவார். நான் அவரை நெருங்கினால் ரோடு கொஞ்சம் அகலமாகிவிடும். ஊரில் எல்லோருக்கும் ஈடாகிவிட்டதாம், நான் ஒருத்தன்தான் பாக்கியாம்.

"ஈடாயிருச்சுங்களா?"

"இடது சீட்டு அப்படியேதானுங்க இருக்குது."

"அதுல என்ன இருந்துச்சுங்க?"

"சம்சாரமுங்க."

அவர் யோசித்தார். "கழட்ற மாதிரிங்களா, சேத்து வெச்சதுங்களா?"

"இப்பக் கழண்டிருக்குதுங்க."

அப்படியானால் அது காரோடு சேர்ந்ததல்ல, கூடுதல் சாமான், ஈடாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சீட்டும் போய்விடும், உங்களுக்கும் நிம்மதி என்றார். அந்தச் சீட்டும் போய்விட்டால் அவள் எதில் வருவாள்? சாயங்காலம் வரை நேரம் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு சிங்காநல்லூருக்குத் திருப்பினேன். அவரும் கூடவே திரும்பினார்.

ரோடு நீண்டுகொண்டே போனது. அவசரமாகப் போகிறவர்களுக்கு அது நீளும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒரே இளநீர்க் கடையை மூன்று தடவை தாண்டினேன். மூன்றாம் தடவை கடைக்காரர் கை கூட ஆட்டவில்லை.

மாமியார் வீட்டு வாசலில் வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். ஒத்தையன் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டவள். சும்மா நிற்கிறாள், கம்பமும் ஆகவில்லை. அவளிடம் அந்த விதியைச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லையாம். நான் வீட்டைச் சுற்ற ஆரம்பித்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு வார்த்தை பேசத்தான் நேரம் இருந்தது.

"அம்மிணி, வூட்டுக்குப் போலாம்."

மாட்டுக்கொட்டகை, கிணறு, துவைக்கிற கல் எல்லாம் தாண்டி மறுபடி வாசலுக்கு வந்தேன்.

"நிக்குமுங்களா அது?"

கொட்டகை, கிணறு, கல்.

"நிக்காது."

"அப்பப் போயிட்டு வாங்க."

"போயிட்டுப் போயிட்டுத்தான வர்றேன்!"

மாமியார் ஒரு டம்ளரில் காப்பி கொண்டுவந்தார். சுற்றுக்கு ஒரு வாயாகக் குடித்தேன். செக்குமாடாட்டம் சுற்றுகிறீர்களே மாப்பிள்ளை, தலை கிறுகிறுக்கவில்லையா என்று கேட்டார். கிறுகிறுத்தது. பின்னாலேயே ஞானசேகரும் சுற்றினார். மாமியார் அவருக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தார், விருந்தாளிதானே.

காப்பி தீர்ந்துவிட்டது. வசந்தாமணி உள்ளே போகத் திரும்பினாள். உள்ளே போய்விட்டால் நான் வெறும் வீட்டைச் சுற்றிக்கொண்டிருப்பேன். சொல்ல நினைக்காததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அம்மிணி, நீ பக்கத்துல உக்காந்து மிதிக்காம..."

அதற்குள் கொட்டகை வந்துவிட்டது. என் ஆயுளில் அவ்வளவு பெரிய கொட்டகையைப் பார்த்ததில்லை. மாடுகள் வரிசையாக நின்று என்னையே பார்த்தன. கிணறு போன சுற்றை விட அகலமாகியிருந்தது. கேட்ட பாதியை எப்படி எடுத்துக்கொண்டாளோ, மறுபடி கிண்டல் செய்கிறான் என்று உள்ளே போய்விட்டாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. வாசலுக்கு வந்தேன். அவள் அதே இடத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

"...எனக்குப் பயமா இருக்குது."

அடுத்த சுற்றில் அவள் முகம் சுளிப்பு இல்லாமல் இருந்தது. என் சட்டைப் பையைப் பார்த்தாள். அதென்ன துருத்திக்கொண்டிருக்கிறது என்று கேட்டாள். பூஜைப் பழம், நசுங்கவே இல்லை என்று சொல்ல ஒரு சுற்று ஆனது. கையை நீட்டினாள். கொடுத்தேன்.

நான் திரும்பி வந்தபோது பழம் அவள் வலது காலுக்கு அடியில் இருந்தது. அவள் எனக்கு முன்னால் இருந்த ரோட்டைப் பார்த்தாள். காரில் பார்ப்பாளே, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, அதே பார்வை. இடது கை தலைக்கு மேலே இல்லாத கைப்பிடி ஒன்றைப் பிடித்துக்கொண்டது.

"நாய்," என்றாள்.

நான் நாயைப் பார்க்கவில்லை. எப்போதும் அவள்தான் முதலில் பார்ப்பாள். வசந்தாமணி மிதித்தாள்.

பழம் நசுங்கியது. ஒத்தையன் நின்றது. என்னுடையது மட்டுமல்ல, ஞானசேகருடையதும் நின்றது. ஊர் முழுக்கக் கிரைண்டர் சத்தம் அடங்கியது. ஒரு சக்கரத்து வண்டி நின்றால் என்ன ஆகும்? எல்லோரும் விழுந்தோம். பீளமேட்டில் விழுந்தவர்களின் சத்தம்கூட சிங்காநல்லூருக்குக் கேட்டது. என் மூக்குக்கு முன்னால் ஒரு நாய் ரோட்டைக் கடந்து போனது.

எழுந்து முதலில் என் கால்களைத் தடவிப் பார்த்தேன். கம்பம் ஆகியிருக்கவில்லை.

ஞானசேகர் ரோட்டின் குறுக்கே நீளமாகக் கிடந்தார். கிடந்தபடியே கேட்டார்.

"ஈடாயிருச்சுங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

சரிங்க என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மேல் வெள்ளைப் பட்டைகள் தெரிய ஆரம்பித்தன. நானும் வசந்தாமணியும் அந்தப் பட்டைகளில் கால் வைத்து ரோட்டைக் கடந்தோம். அவள் என் இடது பக்கம் வந்தாள்.

வழியெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவரவர் அக்கம்பக்கத்தில் விழுந்தவர்களிடம் ஊர், பேர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ரோடு சரியான நீளத்தில்தான் இருந்தது. எங்கள் தெருமுனையில் ஆறுச்சாமி முதல் முறையாகச் சிவப்பு போட்டார். வசந்தாமணி நின்றாள். நானும் நின்றேன். பச்சை விழுந்த பிறகுதான் வீட்டுக்குள் போனோம்.

கார் திரும்ப வந்திருக்கவில்லை. போர்ட்டிகோவில் அந்த ஒரு சீட்டுதான் இருந்தது. வசந்தாமணி அதில் உட்கார்ந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, காலால் ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்தாள். நான் அவளுக்கு வலது பக்கம் வெறும் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தேன். ஸ்டீயரிங் இருந்த இடத்தில் இரண்டு கையையும் தூக்கி வைத்தேன்.

"மெதுவாப் போங்க," என்றாள்.

நான் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. வேகத்தைக் குறைத்தேன்.