பி-703 ஆட்டக்காரர்

புனேயின் சிஞ்ச்வடில் அந்தக் குடியிருப்பில் ஆளுக்குப் பேர் கிடையாது, வீட்டு நம்பர்தான். தண்ணீர் வராத புகாரிலிருந்து கணபதி வசூல் வரை எல்லாம் நம்பரில்தான் நடக்கும். அகல்யா பி-703. சரியாகச் சொன்னால் அவள் புருஷன் மாதவ் பி-703. அவள் அந்த நம்பருக்குள் குடியிருப்பவள். சொசைட்டி வாட்ஸப் குழுவில் வீட்டுக்கு ஒரு போன்தான் என்று விதி. அந்த ஒன்று யாருடைய போனாக இருக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

பொள்ளாச்சியிலிருந்து வந்தவளுக்கு இந்தி நாக்கில் ஏறவே இல்லை. கீழே பெஞ்சில் கூடும் பெண்களைப் பார்த்துச் சும்மா சிரித்துச் சிரித்தே வாய் வலித்துப்போய், போவதை நிறுத்திவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் நாலு பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்குக் குழுவில் ஆள் தேடினார்கள். மாதவுக்கு அதெல்லாம் தலைவலி. பி-703 என்று கணக்குத் திறந்து, பழைய போனை அவளிடம் நீட்டினான்.

"பொழுது போகலைன்னியே, ஆடு. மைக்க மட்டும் போடாத. பொம்பளக் குரல் கேட்டா எவனாச்சும் கண்டதப் பேசுவான்."

"ஆடறது நான்னு அவங்களுக்குத் தெரியுமுங்களா?"

"கேப்டன் ஜோஷுவாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

ஜோஷுவா ஏ பிளாக். பக்கத்துத் தேஹு ரோடில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அவன் தமிழ் பாதி இந்தியில் ஊறிக் கிடக்கும். அண்ணன் அவனுக்கு பாய், அண்ணி பாபி. மற்ற இரண்டு பேரும் மராத்திப் பையன்கள். தினம் ஏழு மணிக்கு அகல்யா குக்கரை இறக்கிவிட்டு உட்காருவாள். அவர்கள் பேசுவது காதில் விழும். இவள் ஆட்டத்திலேயே இருக்கும் பொத்தான்களை அழுத்திப் பதில் சொல்வாள். சுடுவதில் அவள் பெரிய ஆள் இல்லை. ஆனால் கூட்டாளி அடிபட்டு விழுந்தால், அவன் சாவதற்குள் குண்டு மழையிலும் ஊர்ந்து போய் எழுப்பிவிட்டுத்தான் மறுவேலை. "703 இல்லன்னா நாம காலி" என்று ஜோஷுவா சொல்லும்போது சமையலறையில் தனியாகச் சிரிப்பாள். புனேயில் அவளுக்கென்று மூன்று பேர் இருந்தார்கள். அது அவளுக்குப் பெரிய சொத்து.

கணபதி விழாவில் கேரம், செஸ்ஸோடு இந்த வருஷம் அந்த விளையாட்டுக்கும் போட்டி வைத்தார்கள். பந்தலில் பெரிய திரை கட்டி ஆட்டம். தன் மூன்று பேரையும் நேரில் பார்க்கப் போகிறோம் என்று அகல்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. போட்டிக்கு முதல் நாள் மாதவ் அணியின் பனியனைக் கொண்டுவந்தான். அவளைப் போல இரண்டு பேர் நுழையலாம். முதுகில் 'மாதவ்' என்று இருந்தது.

"என்னங்க, உங்க பேரப் போட்டுட்டாங்க?"

மாதவ் செருப்பைக் கழற்றுவதில் வெகு நேரம் செலவழித்தான்.

"லிஃப்டுல பாத்தப்போ ஜோஷுவா தோள்ல தட்டி, நேத்து பிரமாதம் பாய்னான். இல்லன்னு சொல்ல வாய் வரல. அப்புறம் அப்படியே போயிடுச்சு."

துருவிக் கேட்டாள். போனது லிஃப்டோடு நிற்கவில்லை. சனிக்கிழமை மிசல் சாப்பிடப் போனது, ஆபீஸ் டூர் என்று சொல்லிவிட்டு லோணாவளா மலைக்குப் போனது எல்லாம் அந்த மூன்று பேரோடுதான். அவள் சம்பாதித்த சிநேகத்தை அவன் உட்கார்ந்து தின்றிருக்கிறான்.

"நாளைக்கு எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடுங்க."

"மானம் போயிடும் அகல்யா. கை சுளுக்கிருச்சு, பதிலுக்கு என் சம்சாரம் ஆடுவான்னு சொல்றேன். நீயேதான ஆடப்போற, பின்ன என்ன?"

ஆடக் கிடைக்கிறதே என்ற ஆசையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். அதுதான் தப்பாகிப்போனது.

பந்தலில் மாதவ் மணிக்கட்டில் கட்டோடு வந்து நின்றான். மூன்று பேருக்கும் முகம் விழுந்துவிட்டது. "பாபி, டென்ஷன் வேணாம்," என்றான் ஜோஷுவா. "நீங்க பின்னாடியே ஒளிஞ்சு இருங்க. நாங்க பாத்துக்கறோம்."

ஒரு வருஷமாக அவளை முன்னே அனுப்பியவன் அவன்.

அவள் ஒளியவில்லை. வழக்கம்போல ஊர்ந்தாள். ஜோஷுவா விழுந்தபோது எழுப்பினாள், மறுபடி விழுந்தபோது மறுபடி எழுப்பினாள். கோப்பை அவர்களுக்குத்தான். அகல்யா எழுந்து நின்றாள். மூன்று பேரும் அவளைத் தாண்டி ஓடிப்போய் மாதவைக் கட்டிக்கொண்டார்கள்.

"பாபி சேம் உங்க மாதிரியே ஆடறாங்க பாய். நல்லா சிகாயா," என்றான் ஜோஷுவா.

"தினம் சாயங்காலம் பக்கத்துல உக்காத்தி வெச்சுச் சொல்லிக் குடுத்தேன்," என்றான் மாதவ்.

அகல்யா நேரே ஜோஷுவாவிடம் போனாள். "ஒரு வருஷமா உங்க கூட ஆடினது நான்தானுங்க. இவரில்ல."

ஜோஷுவா மாதவைப் பார்த்தான். மாதவ் சிரித்தான். உடனே ஜோஷுவாவும் சிரித்தான். "பாபிக்கு ஜெயிச்ச நஷா தலைக்கேறிடுச்சு பாய். பாபி, கை சரியானதும் ஏழு மணிக்கு ஆட்டத்த பாய்கிட்டயே விட்டுடுங்க. அவர் இல்லாம எங்களுக்கு ஆகாது."

மறுநாளே மாதவ் கட்டை அவிழ்த்துவிட்டான். சாயங்காலம் ஏழு மணிக்கு அகல்யா போனை அவன் கையில் வைத்தாள்.

"எனக்கெங்க ஆடத் தெரியும்? நீயே ஆடு."

"எனக்குச் சொல்லிக் குடுத்தவருக்குத் தெரியாதுங்களா?"

போனுக்குள்ளிருந்து ஜோஷுவா கூப்பிட்டான். "703, விழுந்துட்டேன் பாய். சீக்கிரம் வாங்க." மாதவின் விரல் திரையில் எங்கெங்கோ தடவியது. எங்கே எப்படி ஊர்ந்தால் ஜோஷுவாவிடம் போய்ச் சேரலாம் என்று அவளுக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு, அவன் செத்துப்போகும் வரை நின்று பார்த்தாள்.