பதினாறு முப்பத்தஞ்சு

“பதினாறு முப்பத்தஞ்சுன்னு உனக்கு யாரு சொன்னா? அத மட்டும் சொல்லிட்டுப் போ.”

“கடைக்காரர்தான் மாமா சொன்னார்.”

“எந்தக் கடை? பத்திர ஆபீஸ் வாசல்ல எழுதிக் குடுக்கானே, அவன் கடையா?”

“திருநெல்வேலி கேமரா கடை. நீங்க எதுக்கு இப்படிச் சத்தம் போடுதீங்க? நான் தார்ப்பாய அவுக்கத்தான சொல்லுதேன்.”

நல்லக்கண்ணு அண்ணாச்சி போலீசில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அன்று சத்தமே போட்டார். காலை ஏழரை மணி. சாரல் கொஞ்சம் விட்டிருந்தது. நான் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டத்தான் வாசலுக்கு வந்தேன். கொட்டிய பிறகும் அங்கேயே நின்றேன் என்பதை மறுக்கவில்லை.

எதிரே நின்றவள் எங்கள் பக்கத்து வீட்டு ஜன்னத் மகள் சஃப்ரின். ஒரு வாரமாகத் தினமும் காலையில் மொட்டை மாடியில் முக்காலியை விரித்து, குற்றால மலையைப் பார்த்துக் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தாள். மலை அங்கேயேதான் இருக்கிறது, அதைத் தினமும் எதற்கு எடுக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. விசாரித்தேன். அவள் அண்ணன் நாசர் துபாயிலிருந்து லீவில் வருகிறான். ஒரே ஒரு ‘வைடு’ லென்ஸ் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறான். எது வேண்டும் என்று வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் சொல்லிவிட வேண்டும். விட்டால் அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான். அதற்காக இரண்டு லென்ஸை வாடகைக்கு எடுத்து மாற்றி மாற்றிப் பார்க்கிறாள். இவ்வளவும் ஜன்னத்தே சொன்னது. நான் நம்பினேன், பாதி.

அண்ணாச்சி அதையும் நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவள் மாடிக்கும் மலைக்கும் நடுவில் அவர் வீட்டு மாடி. அதில், வாய்க்கால் பக்கமாக நீட்டிக்கொண்டு, புதிதாக ஒரு அறை எழும்பியிருந்தது. மகள் சத்யபிரியாவைப் பெண் பார்க்கச் சுரண்டையிலிருந்து வருகிறவர்களுக்கு வீடு எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். இந்த நிலையில், புதன்கிழமை சாயங்காலம் அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றபோது, சஃப்ரின் கேமரா கடைக்காரரிடம் போனில் பேசியது காதில் விழுந்தது.

“பதினாறு முப்பத்தஞ்ச நல்லாப் பாத்துட்டேன் அண்ணே. ஓரத்துல வெளிய இழுத்திருக்கு. செவுரு சாஞ்சு தெரியுது. ஆமா, அந்த ஓரத்த மட்டும் வெட்டி எடுத்துரலாம்.”

அண்ணாச்சி வீட்டுச் சர்வே நம்பர் பதினாறு பை முப்பத்தஞ்சு.

ஒரு மணி நேரத்தில் மூங்கில் வந்தது, நீலத் தார்ப்பாய் வந்தது. அறையைச் சுற்றிக் கட்டியாகிவிட்டது. வியாழக்கிழமை காலை சஃப்ரின் கேமராவில் கண் வைத்தால் மலையும் இல்லை, மேகமும் இல்லை, நீலம்தான். அதைக் கேட்கப் போன இடத்தில்தான் இந்தச் சண்டை.

“மாமா, மத்தியானத்துக்குள்ள எனக்கு முடிவு தெரியணும்.”

“மத்தியானத்துக்குள்ள முடிவா? அப்ப பெட்டிஷன் குடுத்தாச்சு. ஏட்டி, வாய்க்கால் புறம்போக்குல நாலடி ஏறிக் கட்டியிருக்கான்னு எழுதிக் குடுத்தா ஆயிருச்சா? நாலடிங்கது பொய். டேப்ப வச்சு அளந்து பாரு. மூணே கால் அடிதான்.”

தெருவில் போன பால்காரர்கூட வண்டியை அணைத்துவிட்டு நின்றார். அண்ணாச்சி மனைவி நிர்மலாதேவி வாசலில் நின்று, “ஏங்க, உள்ள வாங்க” என்றார். வேறென்ன சொல்ல முடியும்? போலீசில் எத்தனையோ பேர் வாயைப் பிடுங்கிய அண்ணாச்சி, இப்போது யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

சஃப்ரினுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். மாடிக்கு ஓடிப்போய் லென்ஸ் மாட்டிய கேமராவைக் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வளையத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். 16-35.

“இது என்னது?”

“லென்ஸோட அளவு மாமா. மில்லிமீட்டர்.”

“ஓரத்துல இழுத்திருக்குன்னியே?”

“படத்துல ஓரமா நிக்கிற பொருள் அகலமாத் தெரியும். அந்தா நில்லுங்க, காட்டுதேன்.”

எடுத்துக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் அண்ணாச்சி இரண்டு ஆள் அகலத்துக்கு நின்றார்.

“இதுக்கு எதுக்கு லென்ஸு? அண்ணாச்சிய நேர்ல பாத்தாலே அப்படித்தான இருக்கும்” என்றாள் ஜன்னத்.

அண்ணாச்சி மாடியேறித் தார்ப்பாயை அவிழ்த்தார். அவிழ்க்கும்போதும் கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு கண் வைத்திருந்தார்.

மேகம் மறுபடி இறங்க அரை மணி நேரம் இருந்தது. வாடகைக்கு எடுத்த இன்னொரு லென்ஸ் பதினாலு மில்லி; அதில் வானம் முழுக்க வந்தது. ஆனால் மலை எங்கேயோ தள்ளிப்போய் வைக்கோல்போர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மற்றது பதினாறிலிருந்து முப்பத்தஞ்சு வரை திருகக்கூடியது; அதை முப்பத்தஞ்சுக்குத் திருப்பியதும் மலை மலையாக நின்றது, அருவி வெள்ளைக் கோடாக இறங்கியது.

“அப்ப பதினாறு எதுக்குட்டி?” என்று கேட்டேன்.

“வயலும் சேந்து விழணும்னா அது வேணும்லா அக்கா” என்றாள். பன்னிரண்டு மணிக்கு நாசருக்குச் செய்தி போய்விட்டது. பதினாறு முப்பத்தஞ்சேதான்.

“அதுல எங்க ரூம் விழுந்திருக்கா?” என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

“ஓரமா விழுந்திருக்கு மாமா.”

“வெட்டிரு.”

வெட்டிவிட்டாள். ஆனால் பத்தாம் நாள் சர்வேயர் டேப்போடு வந்து நின்றார். பெட்டிஷன் கொடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அண்ணாச்சி சஃப்ரினைச் சொல்கிறார். ஜன்னத் என்னைச் சொல்கிறாள். நான் கடைசி வீட்டுத் தங்கத்தாயிடம் மட்டும்தான் சொன்னேன், அதுவும் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது பேச்சோடு பேச்சாக. அளந்ததில் மூணே கால் அடி சரியாக இருந்தது. அதை மட்டும் இடித்தார்கள்.

சுரண்டை மாப்பிள்ளை வீட்டார் பாதிச் சுவரைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்காமலே போய்விட்டார்கள். தை மாதம் சத்யபிரியா அந்தச் சர்வேயர் தளவாயையே கட்டிக்கொண்டு அவர் ஊரான ராயகிரிக்குப் போனாள். அளக்க வந்தவர் நாலு தடவை எதற்கு வந்தார் என்று எனக்கு அப்போதே பட்டது. சஃப்ரினும் ஷார்ஜாவில் வேலை பார்க்கும் முகம்மது ரபீக்கை நிக்காஹ் செய்துகொண்டு, லென்ஸோடு அங்கே போய்விட்டாள். அண்ணாச்சியும் நிர்மலாதேவியும் மகளோடு இருக்கிறோம் என்று வீட்டைப் பூட்டிவிட்டு ராயகிரிக்குக் குடி போனார்கள்.