லொரெய்ன் கடையின் ஞாயிற்றுக்கிழமைத் தவறுகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. கல்லூரிக் கால்பந்து ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கூடாது என்பது அன்றைய விதி; தரலாமா என்று எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ‘ஒருபுறம்’ என்று ஒரு பத்தி, ‘மறுபுறம்’ என்று ஒரு பத்தி. இரண்டு புறமும் நானே நின்றதில் கால் வலித்தது, பசியும் எடுத்தது. அமெரிக்காவில், எங்கள் ஒஹையோ ஊரில் பசித்தால் லொரெய்ன் நடத்தும் சாப்பாட்டுக் கடைதான். போனேன். கட்டுரை அங்கேயே தொலைந்தது.

2

தொடக்கம் ஒன்று: சனிக்கிழமை, அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் எண்பதாயிரம் பேர் எழுந்து நின்று ஆர்ப்பரிக்க...

(வேண்டாம். பந்து யார் கையில் இருக்கிறதென்றே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.)

தொடக்கம் இரண்டு: ஞாயிறு மாலை விடுதியில் சாப்பாடு கிடையாது. பல்கலைக்கழக அணியின் தடுப்பாட்டக்காரன் டவாரஸ் பூன், நூற்று முப்பது கிலோ, லொரெய்ன் கடையில் ஒரே ஒரு காப்பியோடு உட்கார்ந்திருப்பான். அவன் எண் போட்ட சட்டை கடைகளில் விற்கிறது. அதில் அவனுக்குக் காலணா கிடையாது. ஆட்டக்காரன் என்பதற்காக யாராவது சும்மா சாப்பாடு போட்டால் அதுவும் விதிமீறல்*, ஆடத் தடை.

ஆகவே லொரெய்ன் அவனுக்குத் தவறுகளை மட்டுமே கொடுத்தாள்.

“பேன்கேக். ஆறாம் மேசைக்காரர் முட்டைதான் கேட்டாராம். குப்பையில போடணும். நீ பாத்து ஏதாவது பண்ணு, கண்ணு.”

“ஆறாம் மேசையில யாருமே இல்லையே, மேடம்.”

“அதான் தப்புங்கறேன்.”

* போட்டவருக்கு ஒன்றுமில்லை. தின்றவனுக்குத்தான்.

3

அன்று பக்கத்து மேசையில் ஸ்டிட்ஸ் இருந்தார். விதிமீறல்களைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் அதிகாரி. அவரை வில்லனாக்கிவிடலாம் என்று ‘குரூரமாகச் சிரித்தபடி அவர்’ வரை எழுதினேன். மனிதருக்கு ஜலதோஷம். தும்முகிற ஆளை வில்லனாக்குவது கஷ்டம்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் உங்க அடுப்பு ஏம்மா இப்படித் தடுமாறுது?”

“சமையக்காரர் காலையில சர்ச்சுக்குப் போறாரு, சார். மனசு அங்கயே நின்னுடுது.”

பூனின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. தொழில்முறை அணிகள் ஆள் பார்க்க வரும் பருவம் இது. இப்போது தடை விழுந்தால் அவனை யாரும் பார்க்கப் போவதில்லை. லொரெய்ன் ஊற்றிய காப்பி சாசரில் நிரம்பியது. ஒரு பேன்கேக்கால் இந்தப் பையன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தபடி இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

4

முடிவு அ: ஸ்டிட்ஸ் புகார் கொடுக்கிறார். பூன் பெட்டியைக் கட்டுகிறான். (விமர்சகர்களுக்குப் பிடிக்கும். எழுதியும் வைத்தேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: ஸ்டிட்ஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“ஆட்டக்காரனுக்கு மட்டும் சும்மா குடுத்தாதான் விதிமீறல். எல்லா மாணவருக்கும் குடுக்கறத அவனுக்கும் குடுத்தா, எனக்கு இங்க வேலையே இல்ல.” சொல்லிவிட்டுச் சூப்பில் மூழ்கிவிட்டார்.

லொரெய்னுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேசைக்கு மேசை மாணவர்கள். அடுக்களையில் இருந்த சமையற்காரர் பக்கம் திரும்பினாள்.

“கார்ல், இன்னிக்கு எல்லாப் பசங்களுக்கும் தப்பாப் போடு.”

“எதத் தப்பா?”

“யாரும் கேக்காததையெல்லாம்.”

பூன் மூச்சு விட்டான். நானும்தான்.

5

சரி, இத்தனை தட்டுக்கும் யார் காசு? லொரெய்ன் எத்தனை ஞாயிறு தாங்குவாள்? ‘பல்கலைக்கழகம் கொடுத்தது’ என்று எழுதிப் பார்த்தேன். மாயாஜாலக் கதை போல இருந்தது. ‘பூன், தன் சம்பளத்திலிருந்து’ என்று எழுதினேன். எனக்குப் பிடித்திருந்தது. விதிதான் இடம் தரவில்லை.

மீதியை நீங்கள்தான் எழுத வேண்டும். சன்மானம் எதுவும் தர இயலாது. உங்களுக்கு நல்ல அனுபவமாக இருக்கும்.