சானல் திறக்குமுன் ஒரு கிரயம்

சுசீந்திரத்தில் வயலை ஒட்டியிருந்த தன் வீட்டைச் சித்திரை மாதத்திலேயே விற்றுவிட வேண்டும் என்று தாணப்பன் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். வைகாசி முடிந்து பாசனக் கால்வாயான சானலில் தண்ணீர் விட்டால் வயல் நிறையும். வயலோடு சேர்ந்து வீட்டின் செப்டிக் டேங்கும் நிறையும். அப்புறம் மூன்று மாதம் கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். இது உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கடற்கரையிலிருந்து ஒருத்தி வாங்க வருகிறாள் என்றதும் மனுஷருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"அவ போறவரைக்கும் நீ வாயே திறக்கப்பிடாது," என்று மனைவி பகவதியிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

வந்தவள் மணக்குடி செசிலி. மீன் வியாபாரம், மகன் கப்பலில் வேலை. ஷிஜின் என்ற இன்ஜினியரையும் கூட்டி வந்திருந்தாள். மணலில் குடியிருப்பவளுக்கு வயல் மண்ணின் குணம் எங்கே தெரியப்போகிறது என்று தாணப்பன் தெம்பாக இருந்தார்.

ஷிஜின் டேப் பிடித்து அளந்தான். கிணற்றுக்கும் டேங்குக்கும் இடையே ஐம்பது அடிக்கு மேலேயே இருந்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்தான். பாதி கூட நிறையவில்லை.

"குறையொண்ணும் இல்லக்கா," என்றான்.

"நான் நின்னு கட்டின வீடுல்லா! அப்ப அடுத்த வாரமே பதிஞ்சிரலாமா?" என்றார் தாணப்பன்.

பகவதி சாயா கொண்டுவந்து வைத்தாள். செசிலி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணாச்சி, பதினோரு வருஷமா உங்க பின்வாசல்ல மீன் விக்கேன். நீங்க தட்டுல மீனத்தான் பாத்திருப்பீங்க, என்னைப் பாத்திருக்க மாட்டீங்க. ஒவ்வொரு ஆடியிலயும் அக்கா வாளியத் தூக்கிட்டு அடுத்த வீட்டு கக்கூஸுக்கு நடக்கதப் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

தாணப்பன் குடிக்க எடுத்த சாயாவைக் கீழே வைத்தார்.

"ஆனாலும் வீடு எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் செசிலி. "டேங்கைத் தரைக்கு மேல தூக்கிக் கட்டுங்க, கக்கூஸையும் சேத்து உயத்துங்க. சானல்ல தண்ணி வரட்டும். வயல் நிறைஞ்ச பொறவும் தண்ணி ஒழுங்காப் போச்சுன்னா, மறுநாளே பதிவு ஆபீஸ்ல நிப்பேன்."

தாணப்பன் மனைவி பக்கம் திரும்பினார். "இவளத் தெரியும்னு நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?"

"வாயத் திறக்கப்பிடாதுன்னு சொன்னது யாரு?" என்றாள் பகவதி. "அது கெடக்கட்டும். டேங்கை உயத்திக் கட்டுங்கன்னு நான் எத்தன ஆடி சொன்னேன்? எனக்குன்னா வாளி போதும். வாங்க வந்தவளுக்குன்னாத்தான் டேங்கு, இல்லியா?"

தாணப்பனுக்கு அவமானமாக இருந்தது. செசிலிக்கு முன்னால் என்பதால் அல்ல. அந்த வாளியை அவர் ஒருநாள்கூட வாங்கிச் சுமந்ததில்லை.

"எத்தன அடி தூக்கணும், தம்பி?" என்று ஷிஜினிடம் கேட்டார்.