நூறு கெஜத் தூரம்

வெண்டெல் கல்லியோ, இரும்புச் சாமான் கடையின் கண்ணாடி மேடைமேல் விரித்திருந்த பச்சைத் துணியில் துப்பாக்கியை வைத்தான். அதன் முதுகில் நான்கு சிறிய திருகாணிகள் இருந்தன. முப்பத்தொரு வருடமாக அவை எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, ஓட்டைகளைத்தான் அடைத்துக்கொண்டிருந்தன. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் பொருத்துகிறவர்களுக்காகத் தொழிற்சாலையில் போட்ட ஓட்டைகள் அவை. வாங்கிய அன்றைக்கே அவற்றைப் பார்த்து, 'இது நமக்கில்லை' என்று அவன் நினைத்தது ஞாபகம் இருந்தது. இரும்புக் குறிமுளையும் நல்ல கண்ணும் போதும் என்று நம்பிய வயது அது.

வண்ண டப்பாக்கள், பனி தள்ளும் மண்வாரிகள் எல்லாவற்றையும் தாண்டிக் கடையின் பின்கோடியில் துப்பாக்கிப் பிரிவு இருந்தது. அங்கே நிற்கும் டார்லா, வெண்டெல் சாலை இலாகாவில் மண்ணைச் சமன்செய்யும் கிரேடர் ஓட்டத் தொடங்கிய வருடம் பிறந்தவள். இந்த வட்டாரத்தில் யார் கையில் என்ன துப்பாக்கி இருக்கிறது, யார் எதை எதற்காக விற்றார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"நீங்களா ஸ்கோப் கேக்குறீங்க? போன வாரம்தான் உங்க கூட்டாளி ரோலி வந்து, எங்க வேட்டைக் கேம்ப்ல துப்பாக்கியில கண்ணாடி மாட்டுன ஆளுக்குக் காபி கிடையாதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

"கண்ணு டாக்டர் சொல்லிட்டாரு. புரை ஆரம்பிச்சிருக்காம்."

"அப்ப காபி போச்சு."

அவன் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தான். இரண்டு வாரமாகச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியது. இடப்பக்கம் ஸ்கோப், வலப்பக்கம் அதைப் பிடிக்கும் வளையங்கள், அடுத்த பக்கம் முழுக்கத் தோட்டா. எழுதியதை அடித்து, அடித்ததையே பக்கத்தில் மறுபடி எழுதியிருந்தான். இருப்பதிலேயே பெரியதாக, முன்வாய் ஐம்பது மில்லிமீட்டர் அகலமும் பதினான்கு மடங்கு பெருக்கமும் உள்ள ஸ்கோப்பைத்தான் அவன் தேர்ந்தெடுத்திருந்தான். டார்லா அதை அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை.

"மான் சுடவா, நிலாவுல ஆள் நடமாடுதான்னு பாக்கவா?"

"தெளிவா தெரியணும் டார்லா. எங்க படுதுன்னு தெரியணும்."

"உங்க சதுப்புக் காட்டுல நூறு கெஜத்துக்கு மேல எதையாவது கண்ணால பாத்திருக்கீங்களா? அவ்வளவு பெருக்கினா மான் தெரியாது, மயிருதான் தெரியும். எந்த மயிருன்னு தேடுறதுக்குள்ள அது ஓடிப் போயிரும்."

அவள் சிறியது ஒன்றை எடுத்தாள். இரண்டிலிருந்து ஏழு மடங்கு, முன்வாய் முப்பத்திரண்டு. விரல் நுனியிலிருந்து அளந்தால் அவன் முழங்கைக்குக்கூட வராது. பெரியதை மாட்டினால் உயரமான வளையம் போட வேண்டும். வளையம் உயர்ந்தால் கண்ணும் உயர வேண்டும். கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு மேலே போய்விடும். 'கன்னம் மிதந்தால் குறியும் மிதக்கும்' என்று அவனே புத்தகத்தில் எழுதி அடிக்கோடு இட்டிருந்தான். அப்படியும் ஏன் பெரியதைக் கேட்டோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. தெரிந்ததை நம்பாமல் போவது அவனுக்குப் புதிதில்லை. குட்டையான எஃகு வளையங்கள் இரண்டையும் அடித்தகடுகள் இரண்டையும் அவள் பக்கத்தில் வைத்தாள். அலுமினியம் போதாதா என்று அவன் கேட்கவில்லை. அதற்கும் புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது.

தோட்டாவுக்கு வந்தபோதுதான் அவன் பேச்சு தடுமாறியது. குண்டின் எடை நூற்றைம்பது கிரெயின், நூற்றறுபத்தைந்து, நூற்றெண்பது என்று மூன்று டப்பாக்களை டார்லா வரிசையாக வைத்தாள். அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான்.

"இது மறுபக்கம் வெளிய வருமா?"

"வரும்."

"தோள்பட்டையில பட்டாலுமா? சாய்வா நின்னாலும்?"

"பெரும்பாலும்."

"ரெண்டு பக்கமும் ஓட்டை விழுந்தா ரத்தம் தரையில நல்லா விழும் இல்லையா. பின்னாடியே போகலாம்."

டார்லா டப்பாவின் மூடியை மூடினாள். பிறகு அவனை நேராகப் பார்த்தாள்.

"தோட்டா வாங்க வர்றவங்க எல்லாரும் எவ்வளவு தூரம் போகும்னுதான் கேப்பாங்க. எங்கிட்டு வெளிய வரும்னு கேக்குறவன் ஏற்கெனவே ஒண்ணைத் தொலைச்சவன்."

"குறி தவறிருச்சு," என்றான் வெண்டெல். "போன வருஷம். ஊருக்கே தெரியுமே."

"தெரியும். அதுக்காகக் கேம்ப்ல உங்க சட்டை வாலை வெட்டிட்டாங்களாமே." அவள் சிரிக்கவில்லை. நூற்றறுபத்தைந்து கிரெயின் டப்பாவோடு அதே தொகுப்பு எண் உள்ள இன்னொன்றையும் தேடி எடுத்துவந்தாள். "இது ரெண்டும். ஒண்ணு குறி சரிபாக்க, ஒண்ணு காட்டுக்கு. பழசு எதையும் கூடக் கலக்காதீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் டிரக்கில் அவனோடு கூடவே வந்தது.

சனிக்கிழமை மதியம் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து வேலையை ஆரம்பித்தான். நான்கு திருகாணிகளையும் கழற்றினான். ஓட்டைகளில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைவிட்டு எண்ணெய் போகத் துடைத்தான். தகடுகளை வைத்து, முறுக்கும் அளவு காட்டும் கருவியால் சொன்ன அளவுக்கு முறுக்கி, புத்தகத்தில் குறித்துக்கொண்டான். ஸ்கோப்பை வளையத்தில் தளர்வாக உட்காரவைத்துவிட்டு எழுந்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, கண்ணைத் திறந்தான். வட்டத்தின் ஓரத்தில் கருப்புப் பிறை தெரிந்தது. கால் அங்குலம் முன்னால் தள்ளினான். மறுபடி மூடி, ஏற்றி, திறந்தான். இதையெல்லாம் யாராவது எதிரில் நின்று 'கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுது' என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. மனைவி லோரெட்டா அவனை விட்டு மில்வாக்கி நகரத்துக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. அவள் இருந்தபோதும் இதற்கு வந்து நின்றிருக்க மாட்டாள் என்றாலும், வானொலியையாவது போட்டு வைத்திருப்பாள். ஒன்பதாவது முறை பிறை போய் முழு வட்டமும் வெளிச்சமாயிற்று. அதற்குள் எதிர்வீட்டுக் கொட்டகையின் ஒற்றை ஆணித்தலை தெரிந்தது. போன வருடம் இது இருந்திருந்தால்.

போன வருடம் இரும்புக் குறிமுளை மங்கலாக இரண்டாகத் தெரிந்தது. கோட்டுப் பையில் மூன்று வருடத்து மிச்சத் தோட்டாக்கள் கலந்து கிடந்தன. எது எந்த எடை என்று பார்க்காமல் போட்டிருந்தான். பிற்பகல் மூன்று மணி வாக்கில் தேவதாரு மரங்களுக்கிடையே எட்டுக் கிளைக் கொம்போடு மான் ஒன்று வந்து நின்றது. சுட்டான். அது முதுகை வளைத்துத் துள்ளியது. பட்டால்தான் அப்படித் துள்ளும். பனியில் நாலைந்து சொட்டு ரத்தம் இருந்தது. ஓடை வரைக்கும் போனான். அங்கே தடமும் இல்லை, சொட்டும் இல்லை. இருட்டும் வரை ஓடைக்கரையிலேயே மேலும் கீழும் நடந்தான்.

கேம்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் சுட்டது பட்டுத் தொலைந்தால் மற்றவர்கள் தங்கள் வேட்டையை விட்டுவிட்டு, அது கிடைக்கும் வரை சேர்ந்து தேடுவார்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்த மௌனம்தான் தண்டனை. குறி தவறினால் அப்படியில்லை. சட்டை வாலைக் கத்தரித்து, பேரும் தேதியும் எழுதிச் சுவரில் ஆணியடிப்பார்கள், விஸ்கி ஊற்றுவார்கள், ராத்திரி முழுக்க அதையே சொல்லிச் சிரிப்பார்கள். அன்றிரவு வெண்டெல் கேம்ப் கதவைத் திறந்தபோதே ரோலி கையில் கத்தரிக்கோலோடு நின்றிருந்தான். "சத்தம் கேட்டுச்சு, மானக் காணோம். திரும்பி நில்லுடா!" வெண்டெல் வாயைத் திறந்தான். பிறகு திரும்பி நின்றான். அவ்வளவுதான் நடந்தது. கத்தரிக்கோல் முதுகுப்பக்கம் துணியை வெட்டிக்கொண்டு போனபோது அவனும்தான் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்ப் புறத்துச் சரளைக் குழிக்குப் போனான். அந்த வருடத்தின் முதல் பனி லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. நூறு கெஜம் அளந்து அட்டையை நட்டான். பெஞ்சில் வைத்த மணல்பையில் துப்பாக்கியைக் கிடத்தி மூன்று முறை சுட்டான். இரண்டு அங்குலம் இடப்பக்கம் விழுந்திருந்தது. ஸ்கோப்பின் குமிழை எட்டுச் சொடுக்கு திருப்பினான். ஒவ்வொரு சொடுக்கும் விரலுக்குத் தெரிந்தது. அடுத்த மூன்றும் நடுவில், ஒரு காபிக் கோப்பையின் வாய்க்குள் அடங்குகிற அளவில் விழுந்தன. அதை நம்பாமல் இன்னும் மூன்று சுட்டான். அவையும் அங்கேதான் விழுந்தன. இத்தனை எளிதாகச் சரியாக்கிவிடக்கூடிய ஒன்றைப் போன வருடம் ஏன் செய்யவில்லை என்று யாரோ கேட்டதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தான்.

ரோலியின் டிரக் குழிக்குள் இறங்கிவந்தது.

"சுடுற சத்தத்துலயே தெரிஞ்சுது, நீதான்னு. சுட்டுட்டு அரை மணி நேரம் யோசிக்கிற ஆளு வேற யாரு?" ரோலி டெர்வோ துப்பாக்கியின் முதுகைப் பார்த்து விசிலடித்தான். "அடப்பாவி. கண்ணாடி போட்டுட்டியா? கேம்ப்ல கஸ் பாத்தா அழுதுருவான்."

"புரைடா."

"கண்ணுலயா, மூளையிலயா?" அட்டையைக் கழற்றிவந்து துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு கேலியை விட்டுவிட்டு, "நல்லா இருக்குடா. நிஜமா," என்றான்.

இருவரும் ரோலியின் டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து அவன் குடுவைக் காபியைக் குடித்தார்கள். இப்படி ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வாரம் ஆகிறது என்று வெண்டெல் யோசித்தான். சொல்லிவிடலாம் போல இருந்தது. சொன்னால் இந்தப் பலகையில் மறுபடி உட்கார முடியுமா என்றும் இருந்தது.

"ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்," என்றான் ரோலி. "ஏப்ரல்ல ஓடைக்கு அந்தப் பக்கம் விறகு பாக்கப் போனேன். ஒரு எட்டுக் கிளை மான். எலும்புதான் மிச்சம், நரிங்க தின்னுருச்சு. ஓடையில இருந்து நாப்பது அடி கூட இல்ல. எவனோ வெளியூர்க்காரன், சுட்டுட்டுத் தேடக்கூடச் செய்யாம போயிருக்கான். சோம்பேறிப் பய."

"சுட்டதுதான்னு எப்படித் தெரியும்?"

"தோள்பட்டை எலும்புல விரல் போற ஓட்டை."

"மத்த பக்கம்?"

"மத்த பக்கம் ஒண்ணுமில்ல. குண்டு உள்ளயே நின்னுருக்கு." ரோலி கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். "நீ ஏன்டா மத்த பக்கத்தைக் கேக்குற?"

பனி அட்டையின்மேல் விழுந்து ஒவ்வொரு துளையாக ஈரமாக்கியது. வெண்டெல் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"வெளியூர்க்காரன் இல்ல," என்றான். "நான்தான். தவறல ரோலி. பட்டுச்சு. ஓடை வரைக்கும் போனேன். அதுக்கப்புறம் காணல. நீங்க சிரிச்சுட்டு நின்னீங்க, நான் அப்படியே..."

ரோலி ஓடையையே எதிரில் பார்ப்பவன்போலச் சரளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு பேரு இருந்தோம்டா அன்னிக்கு," என்றான் மெதுவாக. "தேடுறதுக்கு நாலு லைட்டும் இருந்துச்சு."

ரோலி கோப்பையிலிருந்த காபியைத் தரையில் ஊற்றினான். குடுவையை மூடினான். பலகையிலிருந்து வெண்டெல் இறங்கும் வரை காத்திருந்து பலகையைத் தூக்கிப் பூட்டினான். துளை விழுந்த அட்டையை இன்னும் கையில் வைத்திருப்பது அப்போதுதான் தெரிந்ததுபோல அதை வெண்டெலிடம் கொடுத்தான். டிரக் சரளையில் அரைத்துக்கொண்டு மேடேறியது.

மேலே சாலையில் சேருகிற இடத்தில் அது நின்றது. வண்டி எதுவும் வரவில்லை, நிற்க வேண்டிய காரணமும் இல்லை. பின்விளக்குகள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. நூறு கெஜம் இருக்கும். ரோலி திரும்பிப் பார்க்கிறானா, தலையைக் குனிந்திருக்கிறானா, ஒன்றும் தெரியவில்லை. பெஞ்சில், துப்பாக்கியின்மேல் ஸ்கோப் இருந்தது. அதற்குள் பார்த்தால் அவன் காதோரத்து நரைகூடத் தெரியும். ஆனால் துப்பாக்கியை மனிதன் இருக்கும் திசைக்கு யாரும் திருப்புவதில்லை. வெண்டெல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெறும் கண்ணாலேயே பார்த்தான். பனிக்குள் இரண்டு சிவப்புக் கறைகள், ஒன்றோடொன்று கலந்து, அணையாமலும் நகராமலும் இருந்தன.