இருபது பாகைக்குக் கீழே

1

2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை. கிழக்கிலங்கைக் கரையோரச் சாய்ந்தமருதில் வாடைக்காற்றோடு விடாத மழை. கடல் கொந்தளித்தமையால் எவரும் தோணி இறக்கவில்லை.

இக்கதை எனக்கு உரியதன்று என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். வேனைத் திருத்தக் கொடுத்துவிட்டு மழைக்கு ஒதுங்கி நின்ற நான், கராஜ்காரர் பஹ்மி தொலைபேசியில் கதைத்ததை ஒட்டுக்கேட்டேன். அவர் ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார். கேட்டது பாதி, மீதியை நானே இட்டு நிரப்புகிறேன். (இனி அவரை ‘அவன்’ என்பேன். கதைக்குள் வந்தவர்களுக்கு மரியாதை குறைவே.)

2

முதல் தொடக்கம்: ‘வெண்பனி போர்த்திய மலைச்சாரலில் ஓர் இயந்திரம் உறுமிக்கொண்டு—’

அடித்துவிட்டேன். நான் மீன்வாடி ஐஸ்கட்டிக்கு அப்பால் பனி அறியாதவன்.

இரண்டாம் தொடக்கம்: பஹ்மியும் பக்கத்தூரான பாண்டிருப்பைச் சேர்ந்த வினோஜும் ஒரே கராஜில் தொழில் பழகியவர்கள். வினோஜ் நோர்வேயின் வடகோடிக்கு மீன் தொழிற்சாலை வேலைக்குப் போனான். அதன்பின் பெருநாளுக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, வேறொன்றுமில்லை. கடந்த நவம்பரில் அவன் பழைய பனிவண்டி ஒன்றை வாங்கி எஞ்சினுள் காற்றை மிகுதியாகத் தள்ளும் டேர்போவை அதற்குப் பூட்டினான். எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் என்று தீர்மானிக்கும் கொம்பியூட்டரைச் சீராக்க மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. பஹ்மியை அழைத்தான்.

இதுவே நிற்கட்டும்.

3

அக்கொம்பியூட்டருள் ஓர் அட்டவணை உண்டு. காற்று குளிரக் குளிர அடர்த்தி கூடும். அடர்ந்த காற்றுக்குப் பெற்றோலையும் கூட்டிக் கொடுத்தல் வேண்டும். கொடாவிடின் எஞ்சின் கொதித்துப் பிஸ்டன் உருகும். ஆதலால் வெப்பநிலை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இருபது பாகைக்குக் கீழுள்ள கட்டங்கள் யாவற்றிலும் பஹ்மி இருபதுக்குரிய இலக்கத்தையே நிரப்பி அனுப்பிவிட்டான். எங்கள் கல்முனைக் கரையில் வாகனம் திருத்துவோரின் வழக்கம் அது. மார்கழி அடைமழையிலும் இங்கே எவருக்கும் அக்கட்டங்கள் தேவைப்பட்டதில்லை.

முதல் வாரமே பிழையைக் கண்டுகொண்டான். ஒரே இருப்பில் எல்லாவற்றையும் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அந்தந்த வாரக் குளிருக்குத் தேவையான ஒரு கட்டத்தை மட்டும் திருத்தினான். வினோஜ் ஓட்டிப் பார்ப்பான், எஞ்சின் பதிவை அனுப்புவான், அழைப்பான். கதை எஞ்சினில் தொடங்கி எங்கெங்கோ போகும்.

(இவ்விடத்தில் பஹ்மியை நான் நம்ப மறுத்தேன். கைத்தொழில் தெரிந்தவன் வேலையை வேண்டுமென்றே இழுப்பானா? அவனை மறதிக்காரனாக்கி ஒரு பிரதி எழுதினேன், பொய்யாக இருந்தது. பின்னர் கராஜின் பின்னறை நினைவுக்கு வந்தது: ஒரு பாய், ஒரு கோப்பை. இப்பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மணம் முறிந்தால் வெளியேறுபவன் ஆண். நம்பினேன்.)

4

இனி வருவது நான் காதால் கேட்டது.

“தொழுகை முடிஞ்சா மச்சான்?”

“ஓம்டா. ஒண்ட வண்டி என்ன சொல்லுது?”

“மைனஸ் பதினைஞ்சில பறக்குது. புதுப் பொண்டாட்டி மாதிரிச் சொல்லுக் கேக்குது.”

“பொண்டாட்டியப் பத்தி ஒனக்கு என்னடா தெரியும்? முதல்ல ஒருத்தியக் கட்டு.”

“நீ கட்டி என்னத்தக் கண்டாய்? கார் தூக்குற ஜக்குக்குப் பக்கத்துல படுக்காய்!”

இருவரும் சிரித்தனர். பஹ்மி சற்றுக் கூடுதலாகவே சிரித்தான்.

“நாளைக்கு மேட்டுநிலத்தக் கடந்து அங்கால போகப்போறன். தனியத்தான். வழியில ஒரு வீடில்ல, சிக்னலும் இல்ல. மைனஸ் முப்பதாம்.”

பஹ்மியின் சிரிப்பு நின்றது.

“அடுத்த கிழமை போனா என்னடா?”

“அடுத்த கிழமை புயல். வண்டிதான் நல்லா ஓடுதே. நீ செஞ்ச வேலை பிழையாப் போகுமா?”

மைனஸ் முப்பதுக்குரிய கட்டத்தில் இன்னமும் இருபது பாகையின் எண்ணே கிடந்தது.

5

அழைப்பை முடித்ததும் பஹ்மி மடிக்கணினியைத் திறந்தான். கட்டங்கள் அனைத்தையும் நிரப்பினான். வாங்கி வைத்த தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோன வேலை.

இங்கே எனக்கு இரு முடிவுகள் கிடைத்தன.

அ) ‘இதக் கொம்பியூட்டருல ஏத்து’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறான். வினோஜ் போய், பத்திரமாகத் திரும்புகிறான். எஞ்சினில் குறை இல்லை; அழைக்கக் காரணமும் இல்லை. மீண்டும் பெருநாளும் பொங்கலும்.

ஆ) உண்மையைச் சொல்கிறான். வினோஜ்—

‘அ’ எழுத இலகுவானது. ஆயினும் பஹ்மி அதைத் தெரிவுசெய்யவில்லை. அட்டவணையை அனுப்பியபின் தொலைபேசியை வாயருகே பிடித்துக் குரல் பதிந்தான். என் வேன் அவனுக்கும் எனக்கும் இடையில் நின்றது. நான் அங்கிருப்பதை மறந்திருந்தான்.

“வினோஜ், இத ஏத்தாம நாளைக்குப் போகாத. அல்லாவுக்காகப் போகாத. எல்லாக் குளிருக்கும் சரியாப் போட்டிரிக்கன். முதல் கிழமையே போட்டிரிக்கலாம், போடல்ல. நீ திரும்பத் திரும்பக் கோல் எடுக்கணுமெண்டு வச்சிரிந்தன். அவ்வளவுதான்.”

6

மேற்கொண்டு நடந்ததை நான் அறிவேன் என்று எண்ணவேண்டாம். சனிக்கிழமை முழுவதும் அவ்வழியால் போவதைத் தவிர்த்தேன். போயிருப்பின் முடிவு தெரிந்திருக்கும், இதை எழுதியிருக்கமாட்டேன். தன் உயிரோடு விளையாடியவனை வினோஜ் மன்னித்தானா, மேட்டுநிலத்தின் அப்பக்கத்திலிருந்து அழைத்தானா என்பதை வாசகராகிய நீங்களே தீர்மானித்தல் வேண்டும். என்னிடம் கேட்பின், நான் பஹ்மியின் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

கண்டது இவ்வளவே. அவ்வெள்ளிக்கிழமையே கூலியைக் கொடுக்க அவனருகே போனேன். அவன் திரையைப் பார்த்தபடியே கையை நீட்டினான். குரலைக் கேட்டாயிற்று என்பதற்கான இரு நீலச் சரிக்குறிகள். அவற்றின் மேலே வினோஜின் பெயர், அதன்கீழ் ‘எழுதுகிறார்’ என்னும் சொல். தோன்றியது, மறைந்தது, மீண்டும் தோன்றி நெடுநேரம் நின்றது. பிற்பகல் ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அச்சொல் அணைந்தது.